தட்டு மாற்றிப் பார்த்தவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் இரண்டு கண்ணின் மேலும், மிச்சமிருக்கும் நாலு கடைவாய்ப் பல்லின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன். பல் ஐந்தாக இருந்த காலத்தில் நான் சொன்ன சில விஷயங்களில் கொஞ்சம் கைச்சரக்கு கலந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். இதில் குண்டுமணி அளவுகூடக் கலக்கவில்லை.

நான் குடியிருப்பது மாடி அறையில். மாடிக்கு வெளியில் படி கிடையாது. வீட்டைக் கட்டினவர் கடைசிவரை அதை மறந்துவிட்டு, கடைசியில் ஞாபகம் வந்து கீழ்வீட்டு அடுக்களைக்குள் வைத்துவிட்டார். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தால்தான் என் அறைக்கு ஏற முடியும். அதனால் பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. சில சண்டைகளை, நான் வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

கீழ்வீட்டுக்காரர் தராசு பழுது பார்ப்பவர். தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. நகைக்கடைத் தராசுகள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். காய்கறிக்கடைத் தராசுகள் சங்கிலியோடு சுவரில் தொங்கும். மூட்டை நிறுக்கும் இரும்பு மேடை ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதன் மேல் ஏறி இறங்கித்தான் உள்ளே வரவேண்டும் என்பதால், வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் எத்தனை கிலோ என்பது முதலில் தெரிந்துவிடும். பெயர் பிறகுதான்.

சோதனைக் கற்களை ஒரு மரப்பெட்டியில் பச்சை வெல்வெட்டில் குழி வெட்டி வைத்திருப்பார். விரலால் தொடவே மாட்டார், இடுக்கியால்தான். விரல் வேர்வை ஒட்டினால் எடை கூடிவிடுமாம். ஒரு தடவை ஐம்பது கிராம் கல்லின் மேல் ஈ உட்கார்ந்தது. அதை விரட்டினால் கல் அசையும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்தார். ஈ எழுந்து போனதும் அதன் ஆறு கால் பட்ட இடங்களையும் தனித்தனியாகத் துடைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எண்ணினேன்.

அவர் தொழிலில் ஒரே ஒரு சட்டம். இடது தட்டில் கல், வலது தட்டில் சரக்கு என்று எடை எடுத்தால், உடனே இரண்டையும் மாற்றிப் போட்டு இன்னொரு தரம் எடுக்கவேண்டும். தராசின் ஒரு கை மயிரிழை நீளமாக இருந்தாலும் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். தட்டு மாற்றாமல் எடுத்த எடைக்கு அவர் வைத்த பெயர் வதந்தி.

அவர் மனைவிக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுத்துத் தேய்த்துப் போகும். அந்தம்மா முன்பு ஒரு மருந்துக்கடையில் இருந்தபோது, அங்கிருந்த தராசைச் சரி செய்யப் போன இவர், பழுதே இல்லாத தராசை வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டி எட்டு மாதம் ஓட்டினார். அதற்குள் தராசு நிஜமாகவே கெட்டுப்போனது. கல்யாணம் ஆனது.

நோய் கழுத்தில் கட்டியாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் பெண்டாட்டியிடம் காட்டியிருப்பார்கள். இவர் அளவுக்கவ்வியை எடுத்துக் கட்டியைப் பிடித்துப் பார்த்து, இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதினார். பதினோரு நாள் எழுதிய பிறகுதான் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் அளவுக்கு மேல் பெருகியிருந்தன. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், மெதுவாக நகரும் வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா. அவசரப்படாத மனுஷி என்று இவருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படி இரண்டு வருடம் போனது.

மூன்றாம் வருடம் கட்டிகள் அக்குளிலும் வந்தன. ஒரு விசேஷப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைக் கேட்க நாங்கள் நாலு பேர் போனோம். அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, அப்புறம் நான். தம்பிக்குப் பழைய டயர் வியாபாரம், டயர் என்றுதான் தெருவில் கூப்பிடுவார்கள். அவன் வேனில் ஒரு டயருக்குள் இடம் காலியாக இருந்ததால் நானும் உட்கார்ந்து போனேன்.

டாக்டரம்மா மறைக்கவில்லை.

"உங்க செல்லுக்குள்ள ஒரு சின்னத் துண்டு காணோம். செல்லு தப்பா வளர்ந்தா நிறுத்தச் சொல்றதே அந்தத் துண்டுதான். அது இல்லாததால உங்களோடது ஆபத்து அதிகமான வகை. பழைய ஊசி மருந்து இதுக்கு சரியா வேலை செய்யாது. மாத்திரைதான். நோயோட சுவிட்சை மட்டும் தேடிப் போய் அணைக்கிற மாத்திரை."

அப்படி இரண்டு மாத்திரை உண்டு என்றும் சொன்னார். இரண்டும் அணைப்பது ஒரே சுவிட்சைத்தான். ஒன்று முன்னால் வந்தது, இன்னொன்று பின்னால் வந்தது. பழையதில் சிலருக்கு நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும். புதியதில் அது குறைவு. ரத்தக்கசிவும் தொற்றும் ரத்த அழுத்தமும் இரண்டிலும் வரலாம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். துண்டு காணாமல் போன வகைக்காரர்களில், இரண்டு வருடம் கழித்தும் நோய் மோசமாகாமல் இருந்தவர்கள் புதியதில் நூற்றுக்கு எழுபத்துச் சொச்சம், பழையதில் ஐம்பத்துச் சொச்சம். அதனால் புதியதுதான் தன் எண்ணம் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் சரி என்று எழுந்திருப்பார்கள். தராசுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அந்தப் பக்கம் இருந்தவங்களும் இந்தப் பக்கம் இருந்தவங்களும் ஒரே ஆளுங்களா?"

"இல்லங்க. வேற வேற ஆளுங்க. குலுக்கிப் போட்டுப் பிரிச்சாங்க."

"பாதியில இவங்களை அங்கயும் அவங்களை இங்கயும் மாத்தினாங்களா?"

"மாத்தமாட்டாங்க. மருந்தை அப்படி மாத்தி மாத்திப் பார்க்கக் கூடாது."

"அப்ப தட்டு மாத்தல," என்றார் இவர், மனைவியைப் பார்த்து.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டயர் மச்சான் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

"சரி, அந்த எழுபதுல நான் இருப்பனா, மிச்ச முப்பதுல இருப்பனா?"

"அதை யாராலும் சொல்ல முடியாதுங்க."

"நான் நூறு பேர் இல்லம்மா. ஒரு ஆள். ஒரு ஆளுக்கு என்னன்னு சொல்லுங்க."

அதைச் சொல்லத் தன்னிடம் கருவி இல்லை என்றார் டாக்டரம்மா. அந்த நேர்மை இவருக்குப் பிடித்தது. பிடித்ததுதான் வினையாகப் போயிற்று. கருவி இல்லாத இடத்தில் கருவி செய்வதுதானே இவர் பிழைப்பு.

புதிய மாத்திரை அப்போது ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்தில் இருப்பில் இல்லை. எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது, பழையதில் ஆரம்பியுங்கள், புதியது வந்ததும் நானே மாற்றுகிறேன் என்றார். கூடவே இன்னொன்றும் இரண்டு தடவை சொன்னார். மாத்திரை ஆரம்பித்த புதிதில் ரத்தத்தில் வெள்ளை அணு கூடும். பயப்படக் கூடாது. கட்டிக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த புட்டியை அவர் ஐந்து வாரம் திறக்கவில்லை. ஒப்பிடவேண்டும் என்றார். டாக்டரம்மா கொடுத்த காகிதங்களைப் பட்டறை மேசையில் பரப்பி, இரண்டு மாத்திரையின் நல்லது கெட்டதையும் கோடு போட்டு எழுதினார். அந்தம்மா காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்து, பக்கத்தில் புட்டியையும் வைப்பார். சாயங்காலம் சலவை நிலையத்திலிருந்து கை வெந்து திரும்பி வந்தால் முட்டை போயிருக்கும், புட்டி அப்படியே இருக்கும். அவர் திட்டவில்லை. அன்று துவைத்துக் காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் மேசை அதிர அதிரத் தேய்ப்பார். அந்த அதிர்வில் பட்டறையில் தராசு முள் எல்லாம் ஆடும். தராசுக்காரருக்கு வேலை ஓடாது. பதினைந்து நாள் இப்படியே போய், கடைசியில் வீட்டில் சுருக்கம் உள்ள துணி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. என் கோவணத்தைக்கூட மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

டயர் மச்சான் வந்து பேசிப் பார்த்தான்.

"அத்தான், டயர் வாங்க வர்றவன் ரெண்டு டயரையும் ஓட்டிப் பார்த்தா வாங்குறான்? கடைக்காரன் சொல்றதை நம்பி வாங்குறான்ல."

"அதனாலதான் உன்கிட்ட வாங்கினவன் எல்லாம் நடந்து போறான்."

"என் வியாபாரத்தை விடுங்க. அக்கா மூஞ்சியைப் பாருங்க. முப்பத்தஞ்சு நாளா அந்தப் புட்டியைப் பார்த்துப் பார்த்து அதுவே ஒரு புட்டி மாதிரி ஆயிடுச்சு."

தம்பி சொன்னது அந்தம்மா காதில் விழுந்தது. அன்று அவனுக்குத் தேநீர் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை தராசுக்காரர் மாத்திரையை விழுங்கினார்.

பத்தாம் நாள் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணு இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

டாக்டரம்மா முன்கூட்டிச் சொன்னதுதான். இவரும் தலையாட்டிக் கேட்டதுதான். ஆனால் முப்பது வருடத் தொழில் சும்மா இருக்குமா? அடுக்களைக்கு வந்து என்னிடம், "பெரியவரே, சுமையை இறக்கினா முள்ளு ஏறுற தராசை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தம்மா என்னிடம் நாலு மாதம் பேசவில்லை. படியேறும்போது அடுப்புப் பக்கம் தள்ளி நின்று இடம் விடுவதையும் நிறுத்திவிட்டார். சூடு பட்ட வடு இந்தத் தொடையில் இன்னும் இருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்துப் புதிய மாத்திரை வந்துவிட்டது. பழையதை நிறுத்துங்கள், மிச்சத்தைச் சாளரத்தில் திருப்பிக் கொடுங்கள், நாளையிலிருந்து இது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். இவர் பழைய புட்டியை வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். மில்லிகிராம் கல்லைக்கூட மறக்காத மனிதர். புதியதை ஒரு வாரம் சாப்பிட்டார். அணு இறங்கவில்லை. இப்போது வீட்டில் இரண்டு புட்டி. இரண்டு தட்டு.

அப்புறம் மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. காலையில் ஒழுங்காக மாத்திரை போட்டார். அந்தம்மா முகம் தெளிந்தது. மேசை அதிரவில்லை. எனக்குத்தான் ஏதோ இடித்தது. மாத்திரை போடும்போது அவர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் காட்டிக்கொடுத்தது இரும்பு மேடை. ஒரு நாள் காலை அதன் மேல் ஏறி நின்றவர் இறங்கவே இல்லை. நல்ல நுட்பமான மேடை அது. ஆள் அசையாமல் நின்றால் நெஞ்சுத் துடிப்புக்குக் கடைசி எண் மட்டும் தாளமாக ஏறி இறங்கும். அன்று அவர் எண் இரண்டு தரம் துடித்து, நின்று, மூன்று தரம் ஓடி, மறுபடி நின்றது. மேடையில்தான் பழுது என்று டயர் மச்சானை ஏற்றிப் பார்த்தார். அவன் எண் ஐந்து நிமிடம் ஆடவே இல்லை. அவன் வாய் திறந்து தேநீர் கேட்கும்வரை எல்லாரும் பயந்துதான் போனோம்.

அன்று சாயங்காலம் அந்தம்மா கையில் ஒரு தலையணை உறையோடு பட்டறைக்குள் போனார். நான் படியிலிருந்து இறங்கி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். உப்பு ஜாடியை நகர்த்தினால் பட்டறை நன்றாகத் தெரியும்.

"இது என்னது?"

"மூக்குல லேசா ரத்தம் வந்துச்சு. வெயிலு."

"இருபது வருஷமா ஆஸ்பத்திரித் துணி வெளுக்குறேன். எந்த ரத்தம் எத்தனை நாளுன்னு எனக்குத் தெரியும். இந்தக் கறை மூணு நாளு. இது நேத்து. இது இன்னைக்கு. லேசா வந்த ரத்தம் உறையைத் தாண்டிப் பஞ்சுக்குள்ள போகாது. சட்டைக் கையைத் தூக்குங்க."

தூக்கினார். முழங்கை வரை நீல நீலமாக இருந்தது.

"என்ன பண்ணினீங்க?"

அவர் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். ஐம்பது கிராம் குழியிலும் இருபது கிராம் குழியிலும் கற்கள் இல்லை. ஒன்றில் பழைய மாத்திரைகள், இன்னொன்றில் புதியவை. நடுவில் இடுக்கி. ஒற்றைப்படை நாளில் பழையது, இரட்டைப்படை நாளில் புதியது. பக்கத்தில் நோட்டு. இடது பத்தியில் துடிப்பு, வலது பத்தியில் கட்டியின் மில்லிமீட்டர்.

"தட்டு மாத்திப் பார்த்தேன்," என்றார்.

அந்தம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அலுத்துப்போன குரலில் கேட்டார். "எந்தத் தட்டு கனமா இருக்குன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரியல."

மறுநாள் டாக்டரம்மா அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். கோபம் வந்தால் அவர் இப்படித்தான் பேசுவார் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

"நெஞ்சுத் துடிப்பு தப்பியிருக்கு. ரத்தம் கசியுது. எந்த மாத்திரையால வந்ததுன்னு நான் இப்ப எப்படிச் சொல்றது? பழையதுன்னா புதுசை நிம்மதியா குடுத்திருப்பேன். புதுசுன்னா வேற வழி பார்த்திருப்பேன். உங்க தராசுல ரெண்டு தட்டுலயும் ரெண்டு கல்லையும் போட்டு வச்சிருக்கீங்க. இதுல எதைங்க நிறுக்கிறது?"

அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தராசைப் பற்றி இன்னொருவர் சொன்னதை மறுக்காமல் கேட்டார்.

இரண்டையும் நிறுத்தவேண்டி வந்தது. துடிப்பு நிதானத்துக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் நோய் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கட்டி இருபதிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போனது. சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்து வைத்தாலும் பாதியில் தள்ளிவிட்டார். நகைக்கடைக்காரர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் இரும்பு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் எடை நாளுக்கு நாள் குறைவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தம்பியிடம், இவ்வளவு வருடம் ஊர் எடையை எல்லாம் சரி பார்த்த ஆள் கடைசியில் தன்னைத்தான் தப்பாக நிறுத்தார் என்று சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தொடை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் டாக்டரம்மா புதியதையே மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. அந்தம்மா பழைய புட்டியைக் கையோடு கொண்டுபோய்ச் சாளரத்தில் கொடுத்து, எண்ணி வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தார். பெட்டிக் குழிகளில் கற்களைத் திரும்ப வைத்தார், வெறும் விரலால். தராசுக்காரர் துள்ளி எழப் பார்த்தார். அந்தம்மா முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நூறு பேரு, எழுபது பேரு, அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்," என்றார் அந்தம்மா. "எனக்கு இருக்குறது ஒரு ஆளு. உங்களை இன்னொரு தட்டுல வச்சுப் பார்க்க எனக்கு இன்னொரு ஆளு கிடையாது. ஒரு பக்கமா உக்காருங்க. ஏறுனாலும் அங்கயே உக்காருங்க, இறங்குனாலும் அங்கயே உக்காருங்க."

அவர் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

அணு முதலில் ஏறியது. எங்கள் யாருக்கும் தூக்கமில்லை. அவர் நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏழாம் வாரம் நின்றது. பத்தாம் வாரம் இறங்கியது. கட்டி முப்பத்தொன்று, இருபத்துநாலு, பதினைந்து என்று போய், ஒரு காலையில் அளவுக்கவ்வியின் இரண்டு தாடைக்கும் நடுவில் வெறும் தோல்தான் சிக்கியது. அந்தம்மா என்னிடம் பேச ஆரம்பித்தார். டயர் மச்சானுக்கு மூன்று கோப்பை தேநீர் கிடைத்தது. மழை விட்ட மறுவாரம், தானியக் கிடங்கில் லாரி நிறுக்கும் எடைமேடையைச் சரி பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். நானும் வேனில் போனேன். லாரியை ஒரு பக்கமாக ஏற்றி எடை எடுத்தார். டிரைவரைத் திட்டி, பின்னால் எடுக்க வைத்து, மறுபக்கமாக ஏற்றி இன்னொரு தரம் எடுத்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. வெயிலில் அந்த இரும்புத் தகட்டின் மேல் நின்றுகொண்டு, வதந்தி இல்லை என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

ஆணையிட்ட நாலு பல்லையும் இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் புதிய மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தது, தராசுக்காரர் இறந்து ஏழு மாதம் கழித்து.